ஃபில்டர் சொட்டுகிறதா, பாட்டில் ஒழுகுகிறதா: நெடுநடையில் வரும் தண்ணீர்த் தொல்லைகள்

நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதையை இரண்டு தடவை நடந்திருக்கிறேன். பெசிசஹரில் பஸ்ஸை விட்டு இறங்கி, மர்ஸ்யாங்தி ஆற்றை ஒட்டியே ஏறி, மனாங் தாண்டி, 5,416 மீட்டர் உயரத்தில் இருக்கும் தோரோங் லா கணவாயைக் கடந்து முக்திநாத் பக்கம் இறங்குகிற வழி. முதல் தடவை கால் வலிக்கும் மூச்சு வாங்கும் என்று அதற்கெல்லாம் தயாராகப் போனேன். அவை இரண்டும் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை, தண்ணீர்தான் படுத்தி எடுத்தது. ஃபில்டர் அடைத்தது, பை கிழிந்தது, கூட வந்த நண்பனுக்கு வயிறு போனது, கடைசியில் விலை கொடுத்து வாங்கிய ஃபில்டரைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தேன். இரண்டாம் தடவை அதில் பாதிச் சாமானோடு போய் ஒரு தொல்லையும் இல்லாமல் திரும்பினேன்.

இடையில் புரிந்தது இதுதான்: பெரும்பாலான கோளாறு ஃபில்டருக்குள் இருப்பதில்லை. அதற்கு முன்னால் இருக்கும் பையிலும், பின்னால் இருக்கும் பாட்டிலிலும், நடுவில் நம் கையிலும் இருக்கிறது. நம் வீட்டில் குடிக்கிற குடம் வேறு, புழங்குகிற குடம் வேறு. புழங்குகிற சொம்பைக் குடிக்கிற குடத்தில் விட்டால் அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். மலையிலும் அதே சட்டம். ஆற்றில் முக்குகிற பை புழங்குகிற குடம், வாயில் வைக்கிற பாட்டில் குடிக்கிற குடம், இரண்டும் எந்தக் காரணத்துக்காகவும் இடம் மாறக் கூடாது. என் பையின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன், அசதியில் கண் சொருகும்போதும் அது தெரியும்.

நான் பேசுவது ஹாலோ ஃபைபர் ஃபில்டர்களைப் பற்றி. சாயர் ஸ்க்வீஸ், கேட்டடின் பீஃப்ரீ எல்லாம் இந்த வகைதான். உள்ளே சேமியா மாதிரி மெல்லிய குழல்கள் கட்டுக்கட்டாக இருக்கும், அவற்றின் சுவரில் 0.1 மைக்ரான் துளைகள் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). எடை 100 கிராம்கூட வராது. உங்களுக்கு எது நடக்கிறதோ அந்த இடத்துக்கு நேராகப் போய்ப் படித்துக்கொள்ளுங்கள்.

புது ஃபில்டர், எவ்வளவு அழுத்தினாலும் ஒரு சொட்டு வரவில்லை

காற்று அடைத்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். காய்ந்த குழல்களுக்குள் காற்று நின்றுவிட்டால் தண்ணீருக்கு அதைத் தள்ளிக்கொண்டு போகத் தெம்பு இருக்காது. ஒரு டம்ளர் தண்ணீரில் பத்து நிமிடம் முக்கி வைத்துவிட்டு, தண்ணீர் வெளியே வர வேண்டிய வாய் வழியாக நல்ல தண்ணீரை மெதுவாக உள்ளே செலுத்துங்கள், புளுக் புளுக்கென்று காற்று போய்விடும். இதை வீட்டிலேயே செய்து பாருங்கள். அப்படியே ஒரு லிட்டர் இறங்க எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்து போனில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஃபில்டர் மந்தமாகிவிட்டதா, நமக்குத்தான் பொறுமை போய்விட்டதா என்று சண்டை வரும்போது அந்தக் கணக்கு பேசும்.

நேற்று வரை நன்றாக ஓடியது, இன்று சொட்டுகிறது

முதல் கேள்வி, நேற்று எங்கே பிடித்தீர்கள்? மர்ஸ்யாங்தியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சில இடங்களில் அந்த ஆறு சாம்பலைக் கரைத்த மாதிரி இருக்கும். பனியாறுகள் நகரும்போது பாறையை அரைத்து அனுப்புகிற மாவு அது, அரிசி மாவைவிட நைசு. கையில் எடுத்தால் தெரியாது, ஃபில்டருக்குள் போனால் துளைத் துளையாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். நாலாம் நாள் சாயங்காலம் ஒரு லிட்டர் பிடிக்க இருபது நிமிடம் பையைப் பிழிந்துகொண்டிருந்தேன், சப்பாத்தி மாவு பிசைந்தால்கூட அதற்குள் பத்துப் பேருக்குப் போட்டிருக்கலாம்.

அடைத்துவிட்டால் பின்னோக்கி அலச வேண்டும். சாயர் மாதிரியான ஃபில்டர்களோடு இதற்கென்றே ஒரு பெரிய சிரிஞ்ச் வரும். எடை குறைகிறது என்று அதை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன், சில கிராமை மிச்சம் பிடித்த புத்திசாலித்தனம். சிரிஞ்ச் இல்லாவிட்டால், இழுத்துத் திறக்கிற ஸ்போர்ட்ஸ் மூடி போட்ட பாட்டிலின் வாயை ஃபில்டரின் வெளிவாயில் அழுத்திப் பிடித்துப் பாட்டிலைப் பிழியலாம். மெதுவாகப் பிழிந்தால் தண்ணீர் அடைப்பில்லாத குழல்கள் வழியாக நைசாக நழுவிவிடும், அடைத்தது அடைத்தபடியே இருக்கும். பலமாக, விட்டுவிட்டுப் பிழிய வேண்டும், நடுவில் ஃபில்டரை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டலாம். ஆனால் ஒன்று, இதற்குச் சுத்தமான தண்ணீரை மட்டும்தான் பயன்படுத்த வேண்டும். ஆற்றுத் தண்ணீரை வெளிவாய் வழியாகச் செலுத்தினால் குடிக்கிற குடத்துக்குள் நாமே சாக்கடையைத் திருப்பிவிட்ட மாதிரி. அன்றன்று சாயங்காலம், அழுக்கு காய்வதற்கு முன்பே அலசிவிடுவது உத்தமம். பீஃப்ரீக்கு இந்த வேலை கிடையாது, ஃபில்டரைக் கழற்றித் தெளிந்த தண்ணீரில் ஆட்டி அலசினால் போதும், அதற்குத் தகுந்த மாதிரிதான் செய்திருக்கிறார்கள்.

அடைக்காமல் பார்த்துக்கொள்வது இன்னும் சுலபம். பெரிய ஆற்றை விட்டுவிட்டு மலைச்சரிவிலிருந்து இறங்கி வருகிற சின்ன ஓடையில் பிடியுங்கள், ஊருக்கு மேலே இருப்பதாகப் பார்த்து. கோவேறு கழுதைக் கூட்டம் போகிற பாதைக்குக் கீழே பிடித்தால் என்ன குடிக்கிறோம் என்று யோசிக்காமல் இருப்பது நல்லது. கலங்கல்தான் கிடைக்கிறது என்றால் ராத்திரி பையை நிமிர்த்தி வைத்துவிட்டுக் காலையில் மேலாக வடித்து எடுங்கள். அவசரம் என்றால் லிட்டருக்கு ஒரு சிட்டிகை படிகாரத் தூள், கலக்கிவிட்டு அரை மணி நேரம் விட்டால் கலங்கல் திரண்டு கீழே போய்விடும், தெளிவை மட்டும் ஃபில்டருக்கு விடலாம். எங்கள் பாட்டி மண்பானையின் உள்பக்கத்தில் தேத்தாங்கொட்டையை உரசிவிட்டுத் தண்ணீர் ஊற்றுவார், இதே வேலையைத்தான் அது செய்யும். பிளாஸ்டிக் பைக்குள் உரச வழியில்லாததால் நான் படிகாரத்துக்கு மாறிவிட்டேன், பாட்டி மன்னிப்பார். வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டுவது இலைதழைக்கும் மணலுக்கும் சரி, அந்தப் பாறை மாவு அதைச் சட்டை செய்யாது.

கலங்கலே இல்லாத தண்ணீரில் ஃபில்டர் அடைத்தால், யாராவது பைக்குள் குளுக்கோஸ் பவுடரோ எலுமிச்சைச் சாறோ கலக்கினார்களா என்று விசாரியுங்கள். எங்கள் குழுவில் ஒருவர் செய்தார். ஃபில்டரைத் தாண்டிய பிறகு பாட்டிலில் என்ன வேண்டுமானாலும் கலக்கலாம், அதற்கு முன்னால் தண்ணீரைத் தவிர வேறொன்றும் கூடாது.

ஃபில்டரும் பையும் சேருகிற இடத்தில் கசிகிறது

பார்த்தால் சின்னக் கசிவுதான், ஆனால் இந்தப் பட்டியலிலேயே ஆபத்தானது இதுதான் என்று நினைக்கிறேன். கசிவது வடிகட்டாத தண்ணீர். அது ஃபில்டரின் வெளிப்பக்கமாகவே வழிந்து, நுனியில் ஒரு முத்தாகத் திரண்டு, நீங்கள் கீழே பிடித்திருக்கிற பாட்டிலுக்குள் விழும். உள்ளே 0.1 மைக்ரான் என்ன வேலை செய்து என்ன பயன்?

ஃபில்டரைக் கழற்றி அடிவாய்க்குள் பாருங்கள். ஒரு வெள்ளை ரப்பர் வாஷர் இருக்க வேண்டும். பையைக் கழற்றும்போது அது பையின் வாயோடு ஒட்டிக்கொண்டு போய், ஓடையில் அலசும்போது நழுவிவிடும், போனது தெரியவே தெரியாது. இருந்தால் வெளியே எடுத்து மண் துடைத்துத் தட்டையாக உட்கார வையுங்கள். அப்புறம் மரை நேராக ஏறுகிறதா என்று பாருங்கள். குளிரில் விரல் மரத்துப்போயிருக்கும்போது கோணலாக ஏற்றிவிட்டு முறுக்குவது எல்லோரும் செய்வதுதான். முதலில் எதிர்ப்பக்கமாகத் திருப்பி, 'டக்'கென்று இறங்கிய பிறகு முறுக்குங்கள். ரொம்ப இறுக்கவும் வேண்டாம், வாஷர் பிதுங்கிவிடும்.

உபரி வாஷருக்கு வெளிநாட்டுக்கு ஆர்டர் போட வேண்டாம். சாயருக்குத் தோட்டத்துக் குழாயின் முக்கால் இஞ்ச் வாஷர் பொருந்தும். ஃபில்டரைக் கையோடு எடுத்துக்கொண்டு ஹார்டுவேர் கடைக்குப் போய்ப் போட்டுப் பார்த்து இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், பத்து இருபது ரூபாய்க்குள் முடியும். ஒன்றை மருந்துப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள், தேடும்போது அங்கேதான் முதலில் கை போகும்.

பை கிழிந்துவிட்டது, கடையில் வாங்கிய பாட்டிலின் மரை சேரவில்லை

ஃபில்டரோடு சேர்த்து வருகிற பைகள் பெரும்பாலும் கழுத்துக்குப் பக்கத்தில் தையல் விட்டுவிடும். காரணம் நாம்தான், அடைத்த ஃபில்டரைத் துணி பிழிவது போல முறுக்குகிறோம். அடியிலிருந்து பற்பசை டியூபைச் சுருட்டுவது போலச் சுருட்டிக்கொண்டு வந்தால் பை இரண்டு மடங்கு நாள் தாங்கும். கிழிந்ததை ஒட்ட வேண்டுமானால் முழுக்கக் காய வைத்துவிட்டுத்தான் டேப் ஒட்ட வேண்டும், ஈரத்தில் எந்த டேப்பும் நிற்காது. அப்படி ஒட்டினாலும் பிழிவதற்கு ஆகாது, தலைக்கு மேலே தொங்கவிட்டு மெதுவாக இறக்கிக்கொள்ளலாம்.

இங்கேதான் பாட்டில் தேர்வு வருகிறது. சாயர் ஸ்க்வீஸின் மரை 28 மில்லிமீட்டர், கோலா பாட்டில்களின் கழுத்தும் அதே அளவு. பெட்டிக்கடையில் கிடைக்கிற குளிர்பான பாட்டிலைக் காலி செய்து நேராக மாட்டிக்கொள்ளலாம். ஆனால் மெல்லிசான மினரல் வாட்டர் பாட்டில்கள் பலவற்றில் கழுத்து வேறு அளவு, ஏறுகிற மாதிரி போக்குக்காட்டும், அழுத்தினால் பீய்ச்சியடிக்கும். பீஃப்ரீக்கு 42 மில்லிமீட்டர் வாய், அதற்கென்று இருக்கிற மெத்துக் குடுவை கிழிந்தால் நடுக்காட்டில் மாற்று கிடையாது. எனக்குப் பீஃப்ரீயின் ஓட்டம் பிடிக்கும், ஆனாலும் பத்து நாளைக்கு மேற்பட்ட நடைக்குக் கோலா பாட்டிலில் ஏறுகிற ஃபில்டரைத்தான் எடுப்பேன், காரணம் இது மட்டும்தான்.

கோலா பாட்டிலில் மாட்டினால் இன்னொரு தொல்லை வரும். பிழிந்ததும் பாட்டில் ஒடுங்கிப்போய், உள்ளே காற்று நுழைய வழியில்லாமல் தண்ணீர் நின்றுவிடும். கால் திருப்பு தளர்த்திக் காற்றை விட்டுவிட்டு மறுபடி இறுக்குங்கள். தளர்த்தும்போது நிமிர்த்திப் பிடியுங்கள், இல்லாவிட்டால் மேலே சொன்ன கசிவுக் கதைதான்.

இப்போது என் ஏற்பாடு இப்படி: அடிப்பக்கம் முழுக்கத் திறந்து ஓடையில் அள்ளுகிற மாதிரியான 2 லிட்டர் மடக்குப் பை ஒன்று, அழுக்குத் தண்ணீருக்கு. ஒரு லிட்டர் கோலா பாட்டில் ஒன்று, நல்ல தண்ணீருக்கு. கொதிக்கிற தண்ணீர் தாங்குகிற அகல வாய் பாட்டில் ஒன்று. அவ்வளவுதான்.

ராத்திரி உறைந்திருக்குமோ என்று சந்தேகம்

சந்தேகம் என்றால் தூக்கிப் போடுங்கள். ஒரு தடவை நனைந்த ஃபில்டரை எவ்வளவு உதறினாலும் குழல்களுக்குள் ஈரம் நிற்கும், உறைந்தால் அது விரிந்து குழலின் சுவரைக் கீறிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

எனக்கு நடந்தது தோரோங் ஹை கேம்ப்பில். 4,800 மீட்டருக்கு மேலே, நவம்பர் மாதம். ராத்திரி எட்டு மணிக்கே பல் தந்தியடிக்க, எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள் புகுந்துவிட்டேன், ஃபில்டர் ரக்சாக்கின் வெளிப்பையிலேயே இருந்தது. காலை நாலு மணிக்கு எழுந்து பார்த்தால் ஜன்னலோரம் வைத்த டம்ளரில் ஐஸ். ஃபில்டரை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கிவிட்டு மாட்டிப் பார்த்தேன், நாலு நாளாக முக்கி முனகிக்கொண்டிருந்தது குழாயைத் திறந்த மாதிரி கொட்டுகிறது! "டேய், அடைப்பு போயிடுச்சுடா" என்றேன். நண்பன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அடைப்பு போகலைடா, ஓட்டை விழுந்திருக்கு" என்றான்.

சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஃபில்டரை நன்றாக நனைத்து, உள்ளே நிற்கிற தண்ணீரை உதறிவிட்டு, அழுக்குத் தண்ணீர் நுழைகிற முனையை ஒரு கிண்ணம் தண்ணீருக்குள் வைத்து, நல்ல தண்ணீர் வருகிற வாயில் ஊதுங்கள். குழல்கள் முழுசாக இருந்தால், நனைந்த அந்த நுண்ணிய துளைகள் வழியாக வாயால் ஊதுகிற காற்று போகவே போகாது, கன்னம் உப்பும், குமிழி வராது. குமிழி தொடர்ந்து வந்தால் உடைந்துவிட்டது. எங்களுக்குப் பொங்கிப் பொங்கி வந்தது. குமிழி வராவிட்டால் நூறு சதம் சரி என்று அர்த்தமில்லை, மயிரிழைக் கீறல் இதில் தப்பிவிடலாம். அதனால்தான் சொல்கிறேன், குமிழி வராவிட்டாலும் சந்தேகம் என்றால் தூக்கிப் போடுங்கள்.

மூவாயிரம் மீட்டர் தாண்டினால் ஃபில்டரை ஒரு ஜிப் கவரில் போட்டுக்கொண்டு ராத்திரி உடம்போடு ஒட்டிப் படுங்கள். பகலிலும் காற்று அடிக்கிற கணவாய்களில் சட்டைப் பைக்குள் வைத்திருங்கள்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது, ஆனாலும் வயிறு போய்விட்டது

முதலில் வைத்தியம், அப்புறம் விசாரணை. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருந்தால் கரைத்துக் குடியுங்கள், இல்லாவிட்டால் சுத்தமான ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலை தட்டி. காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் கைமருத்துவம் வேண்டாம். மனாங்கில் சீசன் மாதங்களில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷனின் மருத்துவ மையம் இருக்கிறது, அங்கே போங்கள்.

சரி, எங்கிருந்து வந்தது? நேற்று குடித்த ஓடைமீது பழி போடாதீர்கள். பாக்டீரியா என்றால் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று நாள், ஜியார்டியா என்கிற குடல் ஒட்டுண்ணி என்றால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம்கூட எடுக்கும். மனாங்கில் நண்பனுக்கு வந்தபோது எண்ணிப் பார்த்தோம், காட்மாண்டுவில் சாப்பிட்ட நாட்களும் கணக்குக்குள் வந்தன.

அடுத்தது ஃபில்டரின் எல்லை. ஜியார்டியா எட்டு மைக்ரானுக்குக் குறையாது, இன்னொரு குடல் ஒட்டுண்ணியான கிரிப்டோஸ்போரிடியம் நாலைந்து, பாக்டீரியாக்கள் அரை மைக்ரான், ஒரு மைக்ரான். 0.1 துளையில் இவை மாட்டிக்கொள்ளும். வைரஸ் மாட்டாது. மஞ்சள் காமாலையைக் கொண்டுவருகிற ஹெபடைடிஸ் ஏ வைரஸ் இந்தத் துளையில் கால்வாசிதான். அமெரிக்கக்காரர்கள் ஆளில்லாத மலையில் ஃபில்டரை மட்டும் நம்பி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நடக்கிறார்கள், அங்கே அது சரி. மனிதக் கழிவிலிருந்துதான் அந்த வைரஸ்கள் வருகின்றன, ஓடைக்கு மேலே மனிதர் இல்லையென்றால் பயமும் குறைவு. நேபாளத்தில், நம் ஊர் மலைகளிலும்தான், ஓடைக்கு மேலே ஒரு ஊர் இருக்கும், ஊருக்கு மேலே இன்னொரு ஊர் இருக்கும். அவர்கள் எழுதிய பரிந்துரையைப் படித்துவிட்டு ஃபில்டரை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தது என் முதல் பயணத்தின் பெரிய தப்பு.

அதனால் ஃபில்டருக்கு அப்புறம் குளோரின். மாத்திரையானாலும் சரி, நேபாளக் கடைகளில் கிடைக்கிற பியூஷ் சொட்டு மருந்தானாலும் சரி, அதன்மேல் போட்டிருக்கிற அளவுப்படி விட்டு அரை மணி நேரம் காத்திருங்கள், தண்ணீர் ஐஸ் மாதிரி இருந்தால் ஒரு மணி நேரம். வரிசை முக்கியம், முதலில் வடிகட்டல், பிறகு மருந்து. கலங்கலில் குளோரினைப் போட்டால் அது அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகும். குளோரினை மட்டும் நம்பி ஃபில்டரை விடுவதும் ஆகாது, கிரிப்டோஸ்போரிடியமும், மழை மாதங்களில் நேபாளத்தில் தலைகாட்டுகிற சைக்ளோஸ்போரா ஒட்டுண்ணியும் குளோரினுக்கு அசையாத ஜென்மங்கள். இரண்டும் கைகோத்தால்தான் வேலை நடக்கும். புற ஊதா விளக்குப் பேனா வைரஸையும் கொல்லும், ஆனால் தெளிந்த தண்ணீர் வேண்டும், குளிரில் பேட்டரி மயங்கிவிடும், நான் எடுப்பதில்லை.

கொதிக்க வைத்தால் எல்லாமே சாகும். 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம் தளதளவென்று கொதித்தால் போதும். தோரோங் லா உயரத்தில் 82, 83 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதுவும் கிருமிக்குப் போதுமான சூடுதான். பிரச்சினை அங்கே இல்லை, கேட்கிற வார்த்தையில் இருக்கிறது. டீக்கடை விடுதிகளில் 'தாதோ பானி' என்று கேட்டால் சூடான தண்ணீர் தருவார்கள், சூடு பண்ணியதுதான், கொதித்ததா என்பது வேறு விஷயம். 'உமாலேகோ பானி' என்றால்தான் கொதிக்க வைத்த தண்ணீர். ஒரு விடுதியில் நாங்கள் மூன்று நாள் ஆசையாக வாங்கிக் குடித்த தாதோ பானி, கூரைமேல் இருந்த சோலார் ஹீட்டரிலிருந்து வந்தது என்று நாலாம் நாள் தெரிந்தது. "தீதி, உமாலேகோ?" என்று கேட்டால் அந்த அக்கா கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லிவிடுவார், கேட்காதது நம் தப்பு. மனாங் மாதிரி ஊர்களில் ஓசோன் செலுத்திச் சுத்தம் செய்த தண்ணீரை லிட்டர் கணக்கில் விற்கிற பாதுகாப்பான குடிநீர் நிலையங்கள் உண்டு, பூட்டாமல் இருந்தால் அங்கே நிரப்பிக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் வயிறு போனால், பாட்டிலின் மரையைப் பாருங்கள். ஓடையில் முக்கிய பாட்டிலில், உள்ளே சுத்தமான தண்ணீர் ஊற்றினாலும், குடிக்கும்போது உதடு படுவது அந்த மரையில்தான். பல் துலக்குகிற தண்ணீர், கழுவின டம்ளரில் நிற்கிற நாலு சொட்டு, கை, எல்லாமே இதே கணக்கு.

இரண்டாம் தடவை போனபோது முக்திநாத்தில் ஒரு சிரிப்பான சங்கதி. 108 திவ்ய தேசங்களில் ஒன்று என்பதால் நம் ஊர்க்காரர்கள் ஜோம்சோமிலிருந்து ஜீப்பில் கூட்டமாக வருவார்கள். கோயிலுக்குப் பின்னால் 108 தாரைகளில் பனித்தண்ணீர் கொட்டும், அதில் ஒன்றில் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஈரப் புடவையோடு நடுங்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "தீர்த்தத்தையுமா தம்பி வடிகட்டுவே?" என்றார். தலையில் மூன்று கை தெளித்துக்கொண்டேன், குடிக்கிறதை வடிகட்டித்தான் குடித்தேன்.

மருந்து வாடை குமட்டுகிறது

அரை மணி நேரம் முடிந்த பிறகு கொஞ்சம் எலுமிச்சையோ வைட்டமின் சி மாத்திரைத் துண்டோ போட்டால் வாடை போய்விடும். முன்னாலேயே போட்டால் குளோரினே போய்விடும். விடுதிகளில் ஆரஞ்சுப் பவுடர் பொட்டலம் கிடைக்கும், அதுவும் இதே முறைதான்.

பாட்டிலில் ஐஸ், டியூபில் தண்ணீர் வரவில்லை

முதுகுப் பையிலிருந்து டியூப் வழியாக உறிஞ்சுகிற ஏற்பாடு கீழே சுகமாகத்தான் இருக்கும், உயரத்தில் விடியற்காலையில் முதலில் உறைவது அந்த டியூப்தான். குடித்து முடித்ததும் உள்ளே ஊதித் தண்ணீரைப் பைக்குத் திருப்பி அனுப்பினால் கொஞ்ச நேரம் சமாளிக்கலாம். எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று தெரியாது, கழுவுவதும் கஷ்டம், நாலு நாள் விட்டால் டியூபுக்குள் கறுப்புப் பூஞ்சை. நான் அதை விட்டு ரொம்ப நாளாகிறது.

பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். ஐஸ் மேல்பக்கத்திலிருந்துதான் கட்டும், அதாவது அடிப்பாகத்தில், வாய் திறந்தே இருக்கும். மேலே ஒரு கம்பளிக் காலுறை. அகல வாய் பாட்டிலில் ராத்திரி கொதித்த தண்ணீரை நிரப்பிக் காலடியில் போட்டுக்கொண்டால் விடியும்வரை கணகணப்பு, காலையில் குடிக்கவும் ஆகும். மூடியை இறுக்கித் தலைகீழாக ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்துவிட்டு உள்ளே எடுத்துப் போங்கள், நண்பன் பார்க்கவில்லை, அந்த ராத்திரியை அவன் நாற்காலியில் கழித்தான். கோலா பாட்டிலில் கொதிநீரை ஊற்றாதீர்கள், அப்பளம் மாதிரி சுருண்டுவிடும். இரட்டைச் சுவர் ஃபிளாஸ்க்கை அடுப்பில் வைக்கவே கூடாது, வெடிக்கும்.

தோள் கழன்றுவிடும் போல இருக்கிறது, அல்லது பாதி வழியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது

ஒரு லிட்டர் ஒரு கிலோ, இதில் பேரம் கிடையாது. குறைக்க முடிந்தது பாத்திரத்தின் எடையைத்தான். கோலா பாட்டில் சுமார் 40 கிராம், கெட்டியான ஒரு லிட்டர் அகல வாய் பாட்டில் சுமார் 180, இரட்டைச் சுவர் ஸ்டீல் பாட்டில் வெறுமனே அரைக் கிலோவுக்குப் பக்கம். இந்தப் பாதையில் ஊருக்கு ஊர் தண்ணீர் உண்டு, நடக்கும்போது ஒரு லிட்டர் போதும். கணவாய் கடக்கிற நாள் மட்டும் இரண்டு, ஏனென்றால் ஓடையெல்லாம் விடியற்காலையில் கல்லாக இருக்கும். மடக்குப் பை வைத்திருப்பதன் அருமை அன்றுதான் தெரியும், மற்ற நாளில் அது சுருண்டு ஒரு மூலையில் கிடக்கும்.

பாட்டிலைத் திறந்தால் பாசி வாடை, உள்ளே பிசுபிசுப்பு

சர்க்கரைக் கரைசல் ஊற்றிய பாட்டில்தான் இப்படி ஆகும். ஒரு கை அரிசியோ சின்னக் கூழாங்கல்லோ போட்டு வெந்நீர் விட்டுக் குலுக்குங்கள், அப்புறம் குளோரின் தண்ணீரில் அரை மணி நேரம். அதற்கும் போகவில்லையா, வெறும் கோலா பாட்டில் அது, மாற்றுங்கள்.

போன வருடம் நன்றாக இருந்தது, இப்போது எடுத்தால் கட்டை மாதிரி இருக்கிறது

எங்கள் கோயம்புத்தூர் வீட்டில் சிறுவாணித் தண்ணீர் ஒரு குழாயில், போர் போட்ட உப்புத் தண்ணீர் இன்னொரு குழாயில். பயணம் முடிந்து வந்து ஃபில்டரை உப்புத் தண்ணீரில் அலசிக் காயப்போட்டேன், வாளியின் விளிம்பில் படிகிற அதே வெள்ளைச் சுண்ணாம்பு குழல்களுக்குள்ளும் படிந்து இறுகிவிட்டது. வெள்ளை வினிகரில் அரை மணி நேரம் ஊற வைத்து, கை பொறுக்கிற சூட்டில் நல்ல தண்ணீரால் நாலைந்து தடவை பின்னோக்கி அலசினால் பெரும்பாலும் உயிர் வந்துவிடும். கொதிநீர் வேண்டாம். குறித்து வைத்த அந்த நொடிக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒன்றரை மடங்குக்குள் வந்துவிட்டால் இன்னொரு பயணம் தாங்கும்.

எடுத்து வைக்கும்போது நல்ல தண்ணீரில் அலசி, கடைசியாகச் சில சொட்டு பிளீச்சிங் கரைசல் விட்ட தண்ணீரை ஓட்டி, மூடி போடாமல் நிழலில் ஒரு வாரமாவது காய வையுங்கள். பையையும் பாட்டிலையும் மூடியைக் கழற்றியே பரணில் போடுங்கள். வாஷர் உள்ளே இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு.